உண்ணாவிரதப் பந்தலில் ஒரு வருகைப் பதிவேடு

2010 பிப்ரவரி 6, சென்னை நேரு ஸ்டேடியம். சினிமாத் தொழிலாளர்களுக்கு வீடு கட்ட பையனூர்ல அரசு இடம் ஒதுக்குச்சு, அதுக்கு நன்றி சொல்ல திரையுலகம் மொத்தமும் சேர்ந்து அப்போதைய முதல்வர் கருணாநிதிக்கு பாராட்டு விழா எடுத்தாங்க. ஆட்டம் பாட்டம் எல்லாம் ஓடிட்டு இருக்கு, மைக் பிடிச்ச அஜித், எந்தப் பிரச்சினை வந்தாலும் நடிகர்களை மிரட்டி போராட்டத்துக்கும் விழாவுக்கும் வர வைக்கிறாங்க, இதுக்கு நீங்கதான் ஒரு முடிவு கட்டணும்னு முதல்வர் முன்னாடியே போட்டு உடைச்சுட்டாரு. பக்கத்துல உக்காந்திருந்த ரஜினி எழுந்து நின்னு கை தட்டினாரு.

அடுத்த சில நாள்ல என்ன நடந்துச்சுன்னு அப்ப பேப்பர் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். திரைப்படச் சங்கங்கள் பக்கத்துல இருந்து கண்டனம், நடவடிக்கை எடுக்கணும்னு பேச்சு, கை தட்டுனவருக்கும் சேர்த்து திட்டு, கடைசியில அஜித் போயி முதல்வரைப் பார்த்து விளக்கம் சொல்லி அந்த விவகாரம் அடங்குச்சு. அந்த வாரம் முழுக்க எல்லாரும் "அவரு அப்படிப் பேசலாமா"ன்னுதான் விவாதம் பண்ணாங்க. மிரட்டுறது யாரு, எதை வெச்சு மிரட்ட முடியுது, மிரட்டுறவங்களுக்கு அதுல என்ன லாபம், இந்த மூணும் பெருசா பேசப்படவே இல்ல. நான் இதுல பேசப்போறது அந்த மூணைப் பத்திதான்.

முதல்ல அந்த விழா எதுக்குன்னு திரும்ப ஒரு தடவை பாருங்க, தொழிலாளிக்கு வீட்டு மனை. அரசு குடுக்குது, சங்கம் வாங்குது, வாங்குன சங்கம் கைமாறா என்ன குடுக்க முடியும், காசா குடுக்க முடியும், கூட்டத்தைத்தான் குடுக்க முடியும். கூட்டம்னா சும்மா கூட்டம் இல்ல, போஸ்டர்ல மூஞ்சி இருக்கிற ஆளுங்க. காவிரிக்காக உண்ணாவிரதம் இருந்தாலும் சரி, பாராட்டு விழாவா இருந்தாலும் சரி, சங்கத்தோட கையில இருக்கிற சரக்கு ஒண்ணேதான், நட்சத்திரத்தோட வருகை. அதை சங்கம் திரட்டித் தருது, அதனாலதான் அரசியல்வாதி சங்கத்தை மதிக்கிறாரு. இந்தக் கணக்கு புரிஞ்சா மத்தது எல்லாம் தானா விளங்கும்.

இப்ப மொழி எங்க வந்து சேருதுன்னு பார்க்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். ஒரு காலத்துல தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நாலு மொழிப் படமும் மெட்ராஸ்லதான் தயாராச்சு. வாகினி, ஏவிஎம், ஜெமினின்னு ஸ்டுடியோ எல்லாம் இங்க, லேப் இங்க, பாட்டு ரெக்கார்டிங் இங்க. 1952-ல ஆரம்பிச்ச நடிகர் சங்கத்துக்கு "தென்னிந்திய"ன்னு பேர் வெச்சது அதனாலதான், அது யாருக்கும் அப்ப உறுத்தல. லைட்மேனுக்கோ மேக்கப்மேனுக்கோ ஷூட்டிங் ஃப்ளோர்ல எந்த மொழியில வசனம் பேசுறாங்கன்னு கவலையே இல்ல, சாயங்காலம் அன்னாடப் படி, அதாவது பேட்டா, கைக்கு வந்தா சரி. கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம் குடியேறுன தொழிலாளிங்கள்ல தெலுங்கு பேசுற வீடு, மலையாளம் பேசுற வீடு எல்லாம் கலந்துதான் இருந்துச்சு, இன்னிக்கும் இருக்கு.

அப்புறம் ஒவ்வொரு மொழி சினிமாவும் அதோட ஊருக்குக் கிளம்புச்சு. அந்தந்த மாநில அரசு மானியம், வரிச்சலுகைன்னு குடுத்து கூப்பிட்டுச்சு, ஹைதராபாத்துல ஸ்டுடியோ வந்துச்சு, பெங்களூர்ல வந்துச்சு, கேரளாவுல வந்துச்சு. 1996-ல ராமோஜி ஃபிலிம் சிட்டி திறந்த பிறகு கதை தலைகீழா மாறிடுச்சு, இங்க இருந்து தெலுங்குப் படம் போனது போதாதுன்னு பெரிய ஹீரோவோட தமிழ்ப் படமே அங்க போய் ஷூட் பண்ண ஆரம்பிச்சாங்க. கும்பகோணம் தெருவை அங்க செட்டு போட்டு எடுத்தா இங்க இருக்கிற செட் வேலைக்காரருக்கு என்ன கிடைக்கும். இது நிஜமான வயித்துப் பிரச்சினை, இதை நான் கிண்டல் பண்ணல. 2023 ஜூலையில சினிமாத் தொழிலாளர் சங்கங்களோட கூட்டமைப்பான பெப்சி, தமிழ்ப் படத்துல தமிழ்க் கலைஞர்களைத்தான் பயன்படுத்தணும், தமிழ்நாட்டுலதான் ஷூட்டிங் நடத்தணும்னு சொன்னதும் இந்தப் பயத்துலதான். உடனே தெலுங்கு நடிகர் பவன் கல்யாண் ஒரு மேடையில, தெலுங்கு சினிமா எல்லாரையும் சேர்த்துக்குது, நீங்களும் அப்படி வெளிய வாங்கன்னு அறிவுரை சொன்னாரு, இங்க நடிகர் சங்கத் தலைவரா இருந்த நாசர் அப்படி எல்லாம் யாரையும் தடுக்கல, இங்க இருக்கிற தொழிலாளிக்கு வேலை கிடைக்கணும்னுதான் பேச்சுன்னு விளக்கம் குடுத்தாரு. அதாவது பேட்டாவைக் காப்பாத்தணும்னு சொன்னா பேப்பர்ல அஞ்சாம் பக்கத்துல ஒரு பத்தி வரும், தமிழைக் காப்பாத்தணும்னு சொன்னா முதல் பக்கம். அதனால பேட்டா பிரச்சினைக்கு தமிழ்ச் சட்டை மாட்டி விடுறாங்க. சட்டை கொஞ்சம் லூசா இருக்கு, ஏன்னா கோடம்பாக்கத்துல மூணு தலைமுறையா தெலுங்கு பேசுற லைட்மேன் "தமிழ்க் கலைஞரா" இல்லையான்னு யாரும் கேட்டுக்கறது இல்ல, அந்தக் கேள்வி ஹீரோவுக்கு மட்டும்தான்.

மொழிக்கும் பணத்துக்கும் இருக்கிற உறவை இன்னும் பச்சையா பார்க்கணும்னா 2006 ஜூலை. படத்துக்குத் தமிழ்ல பேர் வெச்சா கேளிக்கை வரி கிடையாதுன்னு தமிழக அரசு அறிவிச்சுச்சு. அதுவரைக்கும் இங்கிலீஷ் டைட்டில்தான் ஸ்டைலுன்னு இருந்தவங்க எல்லாம் ராத்திரியோட ராத்திரியா அகராதியைப் புரட்டினாங்க, "ரோபோ"ன்னு பேசிட்டு இருந்த படம் "எந்திரன்" ஆச்சு. இதுல யாரையும் மிரட்டல, மேடையில உக்கார வைக்கல, ஒரு அரசாணை, ஒரு சலுகை, முடிஞ்சுச்சு. தலைப்பு தமிழானதால உள்ள இருக்கிற தமிழ் வளர்ந்துச்சாங்கிறது வேற கேள்வி. ஆனா ஒரு விஷயம் கவனிங்க, விதி எழுத்துல இருந்தா ஆளுங்க தானா வராங்க. எழுத்துல இல்லாத விதிக்குத்தான் "வந்தே ஆகணும்"னு ஒரு ஃபோன் கால் தேவைப்படுது.

அந்த ஃபோன் கால் உச்சத்துக்குப் போனது 2002. கர்நாடகா காவிரித் தண்ணி தர மறுத்த வருஷம், அங்க முதல்வரா இருந்த எஸ்.எம்.கிருஷ்ணா பாதயாத்திரை எல்லாம் போனாரு. இங்க பாரதிராஜா முன்னாடி நின்னு, கர்நாடகாவுக்குப் போற கரண்ட்டை நிறுத்தணும்னு கேட்டு அக்டோபர் 12 அன்னைக்கு திரையுலகத்தையே நெய்வேலிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரஜினி போகல. மறுநாள் சேப்பாக்கத்துல தனியா உண்ணாவிரதம் இருந்து, நதிகள் இணைப்புக்கு ஒரு கோடி தரேன்னு அறிவிச்சாரு. அன்னிக்கு நெய்வேலிக்கு எவ்வளவோ பேர் போனாங்க, அதுல பாதிப்பேர் பேரு இப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது, வராத ஒருத்தர் பேரு மட்டும் இருபது வருஷம் கழிச்சும் ஞாபகம் இருக்கு. பெங்களூர்ல பொறந்தவர், வீட்டுல மராத்தி, கண்டக்டரா வேலை பார்த்தது அங்க, சம்பாதிச்சது இங்க. போராட்டத்தோட கோரிக்கை கரண்ட்டை நிறுத்துறது, ஆனா டிவியில ஓடுன கேள்வி இவர் வருவாரா மாட்டாராங்கிறது. தண்ணி அதுல எங்க இருந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ஏன் வராதவரைத் தேடுறாங்கன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. மான்கர் ஓல்சன்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1965-ல ஒரு வாதம் வெச்சாரு. ஒரு போராட்டம் ஜெயிச்சா அதோட பலன் வந்தவனுக்கும் கிடைக்கும் வராதவனுக்கும் கிடைக்கும், அப்ப புத்திசாலியா யோசிக்கிறவன் வீட்டுலயே இருந்துடுவான், அதனால பெரிய கூட்டம் சேரணும்னா வந்தவனுக்குத் தனியா ஏதாவது குடுக்கணும், இல்ல வராதவனுக்குத் தனியா ஏதாவது வலிக்கணும். அவர் தொழிற்சங்கத்தை எல்லாம் உதாரணமா வெச்சுத்தான் இதை விளக்குனாரு. நம்ம ஊர் சினிமா சங்கத்துக்கு இது அளவெடுத்து தைச்ச மாதிரி இருக்கு. சங்க உறுப்பினர் கார்டு இல்லாம ஃப்ளோர்ல நிக்க முடியாது. சங்கம் ஒத்துழைக்கலன்னா கேமரா ஓடாது. ஒருத்தரோட யாரும் வேலை செய்யக் கூடாதுன்னு சங்கம் போடுற தடைக்குப் பேரு ரெட் கார்டு, அந்த வார்த்தையை எந்தச் சட்டப் புத்தகத்துலயும் பார்க்க முடியாது, ஆனா அது விழுந்தா தயாரிப்பாளர் அட்வான்ஸைத் திரும்பக் கேட்பாரு. வலிக்க வைக்கிற கருவி ஏற்கனவே கையில ரெடியா இருக்கிற இடத்துல, சம்பளத் தகராறுக்காக உண்டான கருவியை மொழிக்கும் தண்ணிக்கும் திருப்புறது ரொம்ப ஈசி.

அதே கருவி எல்லார் மேலயும் ஒரே மாதிரி பாயாது. லைட்மேன் பந்தலுக்கு வரலன்னா அட்டெண்டன்ஸ்ல ஒரு கோடு, அவ்வளவுதான். ஒரு நடிகர் வரலன்னா செய்தி. அதுலயும் அம்மா அப்பா ரெண்டு பேரும் மதுரைன்னு இருக்கிற நடிகர் வரலன்னா "உடம்பு சரியில்லையாம்"னு போயிடும், செகந்திராபாத்துலயோ பெங்களூர்லயோ பொறந்தவர் வரலன்னா "பார்த்தியா, நம்ம காசுல சம்பாதிக்கிறாரு"ன்னு ஆரம்பிச்சிடும். மொழிப்பற்றை நிரூபிக்கிற கட்டாயம் சந்தேகத்துக்கு இடமுள்ள பிறப்புச் சான்றிதழுக்கு மட்டும்தான். 2015 நடிகர் சங்கத் தேர்தல்ல விஷாலோட தாய்மொழி தெலுங்குன்னு ஒரு பிரச்சாரம் ஓடுச்சு, அது சங்கக் கட்டிட நிலத்தைப் பத்தின தேர்தல். அன்னைக்கு ஓட்டு போட வந்த ரஜினி, ஜெயிக்கிறவங்க முதல் வேலையா சங்கத்தோட பேரை தமிழ்நாடு நடிகர் சங்கம்னு மாத்தணும்னு சொன்னாரு. இதைச் சொன்னது அவர்ங்கிறதுல எனக்கு ஆச்சரியமே இல்ல, பல வருஷம் கேள்வி கேக்கப்பட்ட ஆளுக்குத்தான் எந்தப் பதில் எடுபடும்னு தெரியும்.

கர்நாடகா பக்கம் பார்த்தா இதே படம் கண்ணாடியில தெரியுற மாதிரி. அங்க ஆரம்பம் கோகாக். பள்ளிக்கூடத்துல முதல் மொழியா சமஸ்கிருதம் எடுத்துப் படிக்கிறது தொடரலாமாங்கிற தகராறுக்காக 1980-ல வி.கே.கோகாக் தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க, கன்னடம்தான் ஒரே முதல் மொழியா இருக்கணும்னு 1981-ல அறிக்கை வந்துச்சு. முதல்வர் குண்டுராவோட அரசு இழுத்தடிச்சுச்சு. எழுத்தாளருங்க, பேராசிரியருங்க கத்திட்டு இருந்த வரைக்கும் அது யுனிவர்சிட்டி விவகாரம், 1982-ல கன்னட நடிகர் ராஜ்குமார் இறங்குனதும் மாநிலமே இறங்குச்சு. 1983 ஜனவரித் தேர்தல்ல குண்டுராவ் போயி கர்நாடகாவுக்கு முதல் காங்கிரஸ் அல்லாத முதல்வரா ராமகிருஷ்ண ஹெக்டே வந்தாரு. அந்தப் போராட்டத்தோட ஒரு காரணம் மொழி உணர்ச்சின்னா இன்னொரு காரணம் மார்க்கு. சமஸ்கிருதம் எடுத்தா மார்க் அள்ளலாம்ங்கிறது தென்னிந்தியாவுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அந்த மார்க்குதான் காலேஜ் சீட்டு, சீட்டுதான் வேலை.

அது உடனே அடுத்த கட்டத்துக்கு வந்துச்சு. 1983-ல சரோஜினி மகிஷி தலைமையில இன்னொரு கமிட்டி, கர்நாடகாவுல இருக்கிற வேலை யாருக்குங்கிறதுதான் நேரடிக் கேள்வி. மொத்தம் 58 பரிந்துரை, அதுல 45-ஐ அரசு ஏத்துக்கிட்டதா சொல்லுச்சு. அப்புறம் நாப்பது வருஷமா ஒவ்வொரு தேர்தலுக்கும் மகிஷி அறிக்கையை தூசி தட்டுறாங்க. 2024 ஜூலையில சித்தராமையா அமைச்சரவை, தனியார் கம்பெனியில மேனேஜ்மென்ட் வேலையில 50 சதவீதம், மத்த வேலையில 70 சதவீதம் உள்ளூர் ஆளுங்களுக்குன்னு ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் குடுத்துச்சு. உள்ளூர்னா யாருன்னா, அங்க பொறந்து, 15 வருஷம் இருந்து, கன்னடம் பேச எழுத படிக்கத் தெரிஞ்சவங்க. ஐ.டி. கம்பெனிகளோட சங்கமான நாஸ்காம் கத்துச்சு, கம்பெனிக்காரங்க கத்துனாங்க, ரெண்டே நாள்ல மசோதாவை நிறுத்தி வெச்சாங்க. நடிகர் உண்ணாவிரதம் இருந்தா அரசுக்கு ஒரு செலவும் இல்ல, 70 சதவீதம்னு எழுதுனா முதலீடு போயிடும்னு பயம், எது சுலபமா நடக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஒரு விஷயம் கோர்வையா சொல்ல முடியல, ஆனாலும் சொல்லிடுறேன். வேலைக்காக மொழிப் போராட்டம்னா அது ஏதோ கேவலம்ங்கிற மாதிரி இங்கிலீஷ் பேப்பர்ல எழுதுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 1965-ஐ எடுத்துக்கோங்க. அரசியல் சாசனம் குடுத்த 15 வருஷக் கெடு ஜனவரி 26 அன்னைக்கு முடியுது, இந்தி மட்டுமே ஆட்சி மொழி ஆகிடுமோன்னு பயம். தெருவுல இறங்குனது காலேஜ் பசங்க. யூ.பி.எஸ்.சி. பரீட்சை இந்தியில வந்தா, தாய்மொழியில எழுதுற ஒருத்தனோட, கத்துக்கிட்ட மொழியில எழுதுற நான் எப்படி மோதுறதுங்கிறது அவங்க கேள்வி. சுத்தமான வேலைக் கேள்வி, நியாயமான கேள்வி. சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா பண்ணாங்க, பிரதமர் சாஸ்திரி ரேடியோவுல உறுதிமொழி குடுத்தாரு, 1967-ல ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி இங்கிலீஷ் தொடரும்னு எழுதிக் குடுத்தாங்க. இலங்கையில 1956 சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு தமிழ் அரசு ஊழியருங்க சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணலன்னா வேலையும் இல்ல பதவி உயர்வும் இல்லன்னு நின்னாங்களே, அதைப் பார்த்த தலைமுறைக்கு ஆட்சி மொழிச் சட்டமும் வேலைச் சட்டமும் ஒண்ணுதான்னு யாரும் க்ளாஸ் எடுக்கத் தேவையில்ல.

1965-ல பசங்களை யாரும் ஃபோன் பண்ணிக் கூப்பிடல. 2017 ஜனவரியில மெரினாவுக்கும் யாரும் கூப்பிடல. ஜல்லிக்கட்டுக்காக வந்த கூட்டம் நடிகருங்க வேணாம்னே சொல்லிடுச்சு, கேமரா அவங்க பக்கம் திரும்பிடும்னு. நடிகர் சங்கம் ஜனவரி 20 அன்னைக்கு தி.நகர்ல தங்களோட இடத்துலயே, மீடியாவை உள்ள விடாம ஒரு மௌன அறப்போராட்டம் நடத்துச்சு. அதாவது யாருக்கு நிஜமாவே அக்கறை இருக்கோ அந்தக் கூட்டத்துக்கு நட்சத்திரம் தேவைப்படல, நட்சத்திரம் தேவைப்படுற கூட்டத்துல அக்கறை எவ்வளவுன்னு கொஞ்சம் சந்தேகப்பட்டுத்தான் பார்க்கணும். இது விதி இல்ல, ராஜ்குமார் விஷயத்துல ரெண்டும் சேர்ந்து இருந்துச்சு, ஆனா பெரும்பாலும் அப்படித்தான்.

சரி, மேடைக்குப் போனா மட்டும் தப்பிச்சுக்கலாமான்னா அதுவும் இல்ல. 2008 ஏப்ரல் 4, கர்நாடகா எதிர்த்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காக சென்னையில திரையுலகம் உண்ணாவிரதம். ஆறு வருஷம் முன்னாடி வரலன்னு திட்டு வாங்குன ரஜினி இந்தத் தடவை வந்தாரு, காரமாவும் பேசினாரு. சத்யராஜ் இன்னும் காரமா பேசினாரு. நாலு மாசம் கழிச்சு ஆகஸ்ட் 1-ல "குசேலன்" ரிலீஸ், கர்நாடகாவுல மன்னிப்பு கேட்டாத்தான் படம் ஓடும்னு நின்னாங்க, ரஜினி வருத்தம் தெரிவிச்சாரு, படம் வெளியாச்சு, இங்க உடனே "எப்படி வருத்தம் சொல்லலாம்"னு அடுத்த ரவுண்டு. சத்யராஜோட பில்லு ஒன்பது வருஷம் கழிச்சு வந்துச்சு, 2017 ஏப்ரல்ல "பாகுபலி" ரெண்டாம் பாகம் ரிலீஸ் ஆகப்போற நேரம், அந்தப் பழைய வீடியோவை எடுத்து வெச்சுக்கிட்டு படத்தை விடமாட்டோம்னாங்க. அவர் தன் ஒருத்தனால ஆயிரக்கணக்கான பேரோட உழைப்பு வீணாகக் கூடாதுன்னு வருத்தம் தெரிவிச்சாரு, கூடவே தமிழர் பிரச்சினைக்குக் குரல் குடுக்கிறதை நிறுத்தமாட்டேன், அது தொல்லைன்னு நினைக்கிற தயாரிப்பாளர் என்னைப் போட வேணாம்னும் சொல்லிட்டாரு. அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிச்சிருந்துச்சு, ஏன்னா அவர் ஒளிவுமறைவில்லாம விலையைச் சொல்லிட்டாரு.

2018-ல "காலா"வுக்கும் அதே கதை, கர்நாடக ஹைகோர்ட் தியேட்டருக்குப் பாதுகாப்பு குடுக்கச் சொல்ல வேண்டியதாச்சு. 2023 செப்டம்பர்ல நடிகர் சித்தார்த் பெங்களூர்ல பிரஸ் மீட்ல உக்காந்திருக்கும்போதே காவிரியைச் சொல்லி எழுப்பி அனுப்பினாங்க, அதுக்கு அங்க இருந்தே சிவராஜ்குமாரும் பிரகாஷ்ராஜும் மன்னிப்பு கேட்டாங்க. 2025-ல கமல், கன்னடம் தமிழ்ல இருந்து வந்ததுன்னு சென்னையில ஒரு விழாவுல பேசப்போயி அவரோட "தக் லைஃப்" படத்தை கர்நாடக ஃபிலிம் சேம்பர் தடுத்துச்சு, ஹைகோர்ட்ல போனா ஒரு மன்னிப்பு கேட்டா என்னன்னு கேள்வி வந்துச்சு, அவர் கேக்கல, ஜூன் 5-ல மத்த இடத்துல எல்லாம் படம் வந்துச்சு அங்க வரல. அப்புறம் சுப்ரீம் கோர்ட், கும்பல் தெருவை எடுத்துக்க விடக்கூடாது, சென்சார் ஆன படத்துக்குப் பாதுகாப்பு குடுக்கிறது மாநில அரசோட பொறுப்புன்னு சொல்லுச்சு. அது வர்றதுக்குள்ள படம் மத்த ஊர்லயே தியேட்டரை விட்டுக் கிளம்புற நிலைமை. ரிலீஸ் தேதிதான் எல்லாத்துக்கும் கழுத்து, அதைப் பிடிச்சா போதும், தீர்ப்பு எப்ப வந்தா என்ன.

சட்டம் இதுல என்ன சொல்லுதுன்னா, சொல்லுது, ஆனா எட்டல. 1986-ல கேரளாவைச் சேர்ந்த மூணு பள்ளிக்கூடப் பிள்ளைங்க வழக்குல, பேச்சுரிமையில பேசாம இருக்கிற உரிமையும் சேர்த்திதான்னு சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, தேசியகீதத்துக்கு மரியாதையா எழுந்து நின்னாங்க, பாடல, அதுக்காக ஸ்கூலை விட்டு அனுப்புனது தப்புன்னு. கட்டாயப்படுத்தி நடத்துற பந்த் அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு 1997-ல கேரள ஹைகோர்ட் சொன்னதை சுப்ரீம் கோர்ட்டும் ஏத்துக்கிச்சு. கோஷம் போட மாட்டேங்கிற உரிமை உங்களுக்கு உண்டு. ஆனா உங்களைக் கூப்பிட்டதுக்கு ஆதாரம் ஒரு ஃபோன் கால், வரலன்னா என்ன ஆகும்னு யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டாங்க, அடுத்த மாசம் ஷூட்டிங்ல ஏதோ "டெக்னிக்கல்" காரணத்தால யூனிட் வரலன்னா அதை எந்தக் கோர்ட்ல கொண்டுபோய் வைப்பீங்க.

இன்னொரு கணக்கு யாரும் போடுறதே இல்ல. போராட்டத்துக்காக ஷூட்டிங்கை ரத்து பண்ணா மாசச் சம்பளக்காரனுக்கு லீவு, தினக்கூலிக்கு பட்டினி. மேடையில நட்சத்திரம் உக்காந்திருக்கிற உண்ணாவிரதம் சாயங்காலம் பழச்சாறோட முடிஞ்சிடும், கீழ நின்ன ஜூனியர் ஆர்ட்டிஸ்டுக்கு அன்னைக்குக் கூலி போனது போனதுதான். 2018 ஏப்ரல் 8 வள்ளுவர் கோட்டத்துல காவிரிக்கும் ஸ்டெர்லைட்டுக்கும் சேர்த்து நடந்த மௌனப் போராட்டம் இதுல ஒரு விதிவிலக்கு, ரஜினி கமல் விஜய்னு எல்லாரும் வந்தாங்க, ஒருத்தருக்கும் சம்பளம் போகல. ஏன்னா அது ஞாயித்துக்கிழமை, அதோட தியேட்டர்ல படத்தைத் திரையிட்டுத் தர்ற டிஜிட்டல் கம்பெனிகளோட கட்டணத் தகராறுல மார்ச்ல இருந்தே சினிமா ஸ்ட்ரைக், ஷூட்டிங்கே இல்ல. அந்தக் கட்டணத் தகராறுதான் தொழிலாளி வீட்டு அடுப்பை ஒரு மாசத்துக்கு மேல அணைச்சு வெச்சது, அதுக்கு யாரும் வள்ளுவர் கோட்டத்துக்கு வரல.

கடைசியா டப்பிங். இது இல்லாம இந்தக் கதை முழுசாகாது. கன்னட சினிமாவுல அறுபதுகள்ல இருந்தே வேற மொழிப் படத்தை கன்னடத்துல டப் பண்ணக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு, சட்டம் எல்லாம் இல்ல, சங்கங்களோட கட்டுப்பாடு. ஆரம்பத்துல அதுல நியாயம் இருந்துச்சு, மெட்ராஸ்ல எடுத்த படத்துக்கு கன்னடக் குரலை ஒட்டி அனுப்பிட்டா பெங்களூர்ல ஒரு ஸ்டுடியோ எப்படி எந்திரிக்கும், அங்க இருக்கிற நடிகருக்கும் டெக்னீஷியனுக்கும் எப்படி வேலை வரும். ஆனா வருஷம் போகப் போக அந்தச் சுவருக்குள்ள ஒரு வசதி வந்துடுச்சு, தமிழ்லயோ தெலுங்குலயோ ஓடுன படத்தை ரீமேக் பண்ணா போட்டிக்கு ஒரிஜினல் கன்னடத்துல வராதுல்ல. கன்னடம் மட்டும் தெரிஞ்ச ரசிகன் வேற மொழிப் படத்தைத் தன் மொழியில பார்க்கவே முடியாத நிலைமை, அதுக்குப் பேரு கன்னடத்தைக் காப்பாத்துறது. கடைசியில கன்னட ஆர்வலருங்களே, கன்னடத்துல பார்க்கிற உரிமை வேணும்னு, வியாபாரத்துல போட்டியைத் தடுக்கிறதை விசாரிக்கிற இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனாங்க, 2015 ஜூலையில ஆணையம் அந்தத் தடை போட்டிச் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லி ஃபிலிம் சேம்பருக்கு அபராதம் போட்டுச்சு.

அந்தத் தீர்ப்பு வந்தும் ஒருத்தரும் துணிஞ்சு டப் பண்ணல. 2017 மார்ச்லதான் பல வருஷம் கழிச்சு ஒரு டப்பிங் படம் கர்நாடகாவுல தியேட்டருக்கு வந்துச்சு, "சத்யதேவ் ஐ.பி.எஸ்."னு பேரு. போராட்டம், தியேட்டர் முன்னாடி கோஷம், சில இடத்துல காட்சியே ரத்து. அது தமிழ்ல "என்னை அறிந்தால்", ஹீரோ அஜித்.